காணிக்காரரைக் காணவில்லை

வடக்கே பலாலி விமான நிலையத்திலிருந்து தெற்கே மத்தள விமான நிலையத்துக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சென்னைக்கு 355 அளவில். திருச்சிக்கு அதில் பாதிதான். ஆக, பலாலிக்கு மத்தளவைவிடச் சென்னை கிட்ட. இதற்குப் பிரிவினைவாதப் பட்டம் கட்டிவிடாதீர்கள். நான் சொல்லவில்லை, அடிமட்டம் சொல்கிறது.

மத்தளவை 2013 மார்ச்சில் அம்பாந்தோட்டைக் காட்டோரத்தில் திறந்தார்கள். அப்போதைய ஜனாதிபதியின் சொந்த மாவட்டம். நிலையத்தின் பெயரும் அவர்கள் குடும்பத்துடையது. செலவு 209 மில்லியன் டொலர், அதில் 190 சீனக் கடன். ஏ380 வந்தாலும் இறங்கலாம் என்று 3,500 மீற்றர் ஓடுபாதை. ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகள் என்று கணக்குப் போட்டார்கள். வந்தவை யானை, எருமை, மான். 2016இல் அவற்றைக் கலைக்கப் படையினரும் பொலிசாருமாக முன்னூறு பேருக்கு மேல் இறங்கி வெடி கொளுத்தினார்கள். சீனக் கடனில் போட்ட ஓடுபாதைக்குக் காவல் சீனவெடி! சரக்குக் கூடத்திலே நெல்மூட்டை அடுக்கினார்கள். நெல்லுக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

இனிப் பலாலிக்கு வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரன் போட்ட ஓடுபாதை. சுற்றிலும் வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண். 1990இல் யுத்தத்தால் சனம் உடுத்த துணியோடு எழும்பி ஓடியது. 2009இல் யுத்தம் முடிந்தது. மத்தளவில் நாடா வெட்டிய அடுத்த மாதம் பலாலி அடங்கிய வலிகாமம் வடக்கில் அறிவித்தல் ஒட்டினார்கள்: 6,381 ஏக்கர் இராணுவத் தேவைக்காகச் சுவீகரிக்கப்படும். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

எங்கே போய்த் தேடினார்களோ! அந்த உரிமையாளர்கள் மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம் கொட்டில்களில் இருந்தார்கள். பலாலியிலிருந்து மிஞ்சிப்போனால் ஒரு மணித்தியாலச் சைக்கிள் ஓட்டம். விதானையாரைக் கேட்டிருந்தால் கொட்டில் கொட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார். தேர்தல் என்றால் மட்டும் வாகனம் வழி தவறாமல் வாசலுக்கே வரும். இருட்டில் பற்றைக்குள் நிற்கிற யானையைத் தேட முன்னூறு பேர். பட்டப்பகலில் தண்ணீர்க் குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்கிற கிழவியைத் தேட ஒரு நாதியில்லை. காணாமற்போன இந்த ஆட்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் அறிவித்தல் ஒட்டிய அதே ஆண்டில் கொழும்பு நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். காணாமற்போனவன் கையெழுத்துப் போட்ட அதிசயத்தைப் பார்த்து அரசாங்கம் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

2019 ஒக்ரோபரில் பலாலியும் சர்வதேச விமான நிலையம் ஆயிற்று. ஓடுபாதை குட்டை, சென்னையிலிருந்து முதலில் வந்தது சின்ன விமானம்தான். ஆனால் அதில் நெல் வரவில்லை, ஆட்கள் வந்தார்கள்.

அதில் யன்னலோரம் இடம் கிடைத்தால், இறங்கும்போது கீழே பாருங்கள். பற்றைக்குள் கூரையில்லாத வீட்டுச் சுவர்கள் இருக்கும், பக்கத்தில் ஒரு கிணற்றுக் கட்டு இருக்கும். அது யாருடைய வீடென்று அடுத்த ஆசனத்துக்காரரைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் தோளுக்கு மேலால் அவரும் அதைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.