பேத்திக்கு எழுதிவைக்கும் பை

நேற்று மறுபடியும் ஒரு துணிப்பை கொடுத்துவிட்டார்கள். புதுமை, நிலைத்தன்மை, எதிர்காலத் தொழில்நுட்பம் என்று நாள் முழுக்கக் கருத்தரங்கு. டிசைன் படிக்கிற பாவத்துக்கு எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட பேனா, பிளாஸ்டிக்கைக் கைவிடச் சொல்லும் பளபள நோட்டீஸ். வாசலிலேயே அம்மா பார்த்துவிட்டாள். "ஏண்டி, மறுபடியும் பையா? கொடுக்கிறவன் உள்ளே ரெண்டு கிலோ தக்காளி போட்டுக் கொடுத்தா என்ன?"

மேற்படி மூன்று தலைப்பிலும் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் இந்தப் பை விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

2018-ல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்குப் போட்டது. கடையில் தரும் பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை நல்லது என்று பெயரெடுக்க, பருவநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை அதைப் பயன்படுத்த வேண்டும். சரி, செய்துவிடலாம். ஓசோன் படலம் வரை எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை. தினமும் கடைக்குப் போனால் பத்தொன்பதரை வருடம். இயற்கை வேளாண்மைப் பருத்தி என்றால் 20,000 முறை. ஐம்பத்து நாலு வருடத்துக்கு மேல். நேற்றுக் கொடுத்தது அந்த ரகம்தான். ஓரத்தில் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள்.

இன்றைக்கே தொடங்கிவிட்டேன் என்று வையுங்கள். காய்ச்சல் என்றாலும் போயாக வேண்டும். தீபாவளியன்று கடை இல்லாவிட்டால் கணக்கில் ஒன்று துண்டு விழும். மறுநாள் கொத்தமல்லிக்குத் தனியாக, கறிவேப்பிலைக்குத் தனியாக நடந்து ஈடுகட்ட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அப்பா, "நகை இவ்வளவு, பை இவ்வளவு, ஒவ்வொன்றிலும் பாக்கி இத்தனை ஆயிரம் நடை" என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். தாலி ஏறிய கையோடு நான் மளிகைக்கடைக்கு ஓட வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு பைக்கு. கதவுக்குப் பின்னால் தொங்கும் மற்றவற்றில் எதை எடுத்தாலும் இதன் கணக்கு அப்படியே நின்றுவிடும். கடைசியில் பேத்தி பெயருக்கு உயில் எழுதுவேன். அவளோ கடைக்கே போகமாட்டாள். எல்லாம் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும், பையோடு.

இதில் பிளாஸ்டிக் பையைக் கண்டுபிடித்தவர் கதை வேறு. ஸ்வீடன் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் துலின்; காப்புரிமை 1965-ல். காகிதப் பைக்காக மரம் வெட்டுகிறார்களே என்று கவலைப்பட்டவர், தன் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துவார்கள் என்று நம்பினாராம். அவர் மகன் சொன்னது. நாம் மஞ்சப்பையோடு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்துவிட்டு பிளாஸ்டிக் பையை ஒருமுறை தொட்டு எறிந்தோம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்க வேண்டியதாயிற்று.

போன செமஸ்டரில் நானும் ஒரு பை செய்தேன். கிழிந்தால் கைப்பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜூரியில் ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் ஏஐ எங்கே?" என்றார். அமெரிக்காவில் ஜூசெரோ என்று ஒரு சாறு பிழியும் இயந்திரம் வந்தது. முதலீடு ஏறக்குறைய 12 கோடி டாலர். அதற்கென்று விற்ற பழப்பொதியை வெறுங்கையாலேயே பிழியலாம் என்று 2017-ல் ப்ளூம்பெர்க் நிருபர்கள் காட்டினார்கள்; அந்த ஆண்டே நிறுவனம் கடையை மூடியது. அதில் வைஃபை இருந்தது. என் பையில் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை.

அந்த மூன்று தலைப்பு அப்படியே இருக்கட்டும். உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தாம்பூலப் பை அடிக்கக் கொடுக்குமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். கதவுக்குப் பின்னால் தொங்குபவை ஒரு தேங்காய் தாராளமாகத் தாங்கும். 'எதிர்காலத்தை வடிவமைப்போம்' என்று போட்டிருக்கும் பக்கத்தை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும்.