பைட் வரிசைக்காரர்

மென்பொருள் அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் இவரும் இருப்பார். திரையில் எப்போதும் ஹெக்ஸ் எடிட்டர் திறந்தே கிடக்கும். "சார், ஃபைலில் 1 என்று எழுதினேன், படித்தால் 16777216 வருது" என்று யாராவது வந்து நின்றால் போதும், பெண்ணுக்கு வரன் குதிர்ந்ததுபோல் முகம் மலர்ந்துவிடும்.

"எண்டியன்!"

நோயைச் சரியாகத்தான் சொல்கிறார். 32 பிட் எண்ணை நான்கு பைட்டாக வைக்கும்போது இன்டெல் சிப் மிகக் குறைந்த மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும். பழைய மோட்டரோலா 68000 தலைமைப் பைட்டை முதலில் வைக்கும். ஒன்று எழுதியதை மற்றது அப்படியே படித்தால் 1 என்பது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிவிடும். (சம்பளக் கணக்கில் நடந்தால் யாரும் புகார் தரமாட்டார்கள்.)

அத்தோடு விட்டாரா? கலிவரின் பயணக் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று லில்லிபுட்காரர்கள் சண்டை போட்டது, அந்தக் கட்சிகளின் பெயர்களான பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் இரண்டையும் கணினி விஞ்ஞானி டேனி கோஹன் 1980 ஏப்ரல் 1 தேதியிட்ட கட்டுரையில் பைட்டுகளுக்குச் சூட்டியது, எல்லாம் வரும். முட்டாள்கள் தினத்துக் கட்டுரையை வேதமாக ஓதுபவர் இவர் ஒருவர்தான். சிறிய அலகான நாளை முன்னால் போடும் இந்தியத் தேதி அவருக்கு லிட்டில் எண்டியன். மாதத்தை முன்னால் போடும் அமெரிக்கத் தேதியோ, இரண்டு கட்சியிலும் சேராத பழைய பிடிபி-11 கணினி.

கோபம் வராமலிருக்க ஒரு காரணம் உண்டு: அவ்வப்போது ஜெயித்துவிடுவார். யுடிஎஃப்-16இல் வந்த தமிழ் ஃபைல் ஒன்று சீனமும் கொரியமுமாகத் திறந்தபோது எல்லோரும் ஃபான்ட்டைத் திட்டினார்கள். இவர் மட்டும் பைட்டைப் பார்த்தார். 'அ'வின் எண் 0B85. புரட்டினால் 850B, சீன எழுத்து. 'ம' 0BAE, புரட்டினால் கொரியம். 'அம்மா' என்ற சொல் ஒரு சீன எழுத்தும் நான்கு கொரிய எழுத்துமாக நின்றது. "பைட் வரிசையைச் சொல்லும் பிஓஎம் குறியைப் போடாமல் சேமித்த புண்ணியவான் யார்?" என்று ஒரு வாரம் விசாரணை நடத்தினார்.

அவருக்குப் பிடிக்காதது தீர்வுதான். புதிதாகச் சேர்ந்த பெண் பைட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து 8, 16, 24 பிட் தள்ளிச் சேர்த்துவிட்டாள். ஃபைலின் வரிசை தெரிந்தால் போதும், மெஷின் எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம். 2012இல் நிரலாளர் ராப் பைக் எழுதியதும் இதைத்தான்.

நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தார். "ஏம்மா, 24 பிட் தள்ளும் முன்னால் அன்சைன்டாக மாற்றினாயா?"

"மாத்திட்டேன் சார்."

"அப்படியா. வேரியபிள் பெயர் ஏன் இவ்வளவு நீளம்?"