பேராண்டி, உன் மெனுவைக் கொஞ்சம் காட்டு

வாய்யா பேராண்டி, உக்காரு. சித்தப்பன் நெலப் பத்திரத்த ஸ்கேன் பண்றதுக்குக் காலையிலேருந்து நெட்டுல சாப்ட்வேரு தேடுறியாமே? தேடு, தேடு. இஞ்சினியருக்குப் படிச்சவன் தேடாம யாரு தேடுவா?

லினக்ஸ் மின்ட்தானே போட்டிருக்க? இடப்பக்கம் கீழ் மூலையில இருக்குற பொத்தான அழகுக்கு வச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டியாக்கும். அமுக்கு. ஆக்சசரீஸ், கிராபிக்ஸ், இன்டர்நெட், ஆபீஸ்னு வகைவகையா நிக்குதா? மவுச அதுமேல கொண்டுபோனாலே உள்ள இருக்குறதெல்லாம் பக்கத்துல வந்துரும். தேடுற கட்டமும் இருக்கு, இல்லேங்கல. ஆனா வீட்டுல என்ன இருக்குன்னே தெரியாதவன் எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுவான்?

ஆபீஸ்ல பாத்தேன், இல்லேங்கிறியா? அங்க இருக்காது சாமி. கிராபிக்ஸ்ல பாரு, டாக்குமென்ட் ஸ்கேனர்னு குந்தியிருக்கும். மின்ட்டோடயே வந்தது அது. படம் வரையற கூட்டத்துல பத்திரத்துக்கு என்ன சோலின்னு என்னைக் கேக்காத. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் டாட் டெஸ்க்டாப்னு முடியற சின்னக் கோப்பு ஒண்ணு உண்டு. அதுல கேட்டகரீஸ்னு ஒரு வரி. அதப் பாத்துத்தான் மெனு எடம் ஒதுக்குது. அவனவன் எழுதிக்கிட்டு வர்றதுதான். லிபர்ஆபீஸ் ட்ரா இருக்கே, அது ஆபீஸ்னும் எழுதியிருக்கு, கிராபிக்ஸ்னும் எழுதியிருக்கு. ரெண்டுலயும் நிக்கும். மாப்ள வீட்டுப் பந்தியில சாப்புட்டுட்டுப் பொண்ணு வீட்டுப் பந்தியிலயும் எலைக்கு முன்னால உக்காருற ஆளு மாதிரி. யாருன்னு சொல்லல, உன் பெரியப்பன் கோவிச்சுக்குவான்.

விண்டோஸ் கூத்து வேற. 1995-ல ஸ்டார்ட் மெனு வந்ததுலேருந்து ரொம்பக் காலத்துக்குப் பல சாப்ட்வேருக்குக் கம்பெனி பேருலதான் ஃபோல்டரு மொளைச்சுது. என்ன வேலை செய்வேன்னு கேட்டா, எந்த மொதலாளிகிட்ட இருக்கேன்னு பதில் வரும். லினக்ஸுக்கே இன்னொரு டெஸ்க்டாப் பண்ற க்னோம்காரங்க 2013-ல 3.8 விட்டப்போ வகைப் பட்டியலையே தூக்கிட்டாங்க.

இன்னொண்ணு. ஒரு வகையில ஒண்ணுமே இல்லேன்னா அந்தத் தலைப்பையே மெனு காட்டாது. மின்ட் போடுறப்போ வெளையாட்டு எதுவும் கூட வராது. அப்ப உன் மெனுவுல கேம்ஸ்னு ஒரு தலைப்பு நிக்குதே, அது எப்படிய்யா வந்துச்சு? கேட் தேர்வு எழுதப் படிக்கிறேன்னு உங்கப்பன்கிட்ட சொல்லியிருக்க போலிருக்கு.

பயப்படாத, நான் எதுக்குச் சொல்லப்போறேன்? மொதல்ல அந்தப் பத்திரத்த ஸ்கேன் பண்ணு. அப்புறம் முக்குக் கடையில ரெண்டு மெதுவடை, ஒரு சுக்குக் காப்பி. காப்பிக்குச் சக்கரை வேணாம்.