கிழங்கான் அண்ட் சிப்ஸ்

சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே ஓடும் மேல்நாட்டுச் சாப்பாட்டு ஆசை மரக்காணத்தில் நிற்பதில்லை. சனிக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பசியோடு தெற்கே போகிறவர்கள் ஞாயிறு மாலை வயிறு நிறைந்து வடக்கே திரும்புகிறார்கள். உப்பளம் கண்ணில் பட்டால் காரை ஓரங்கட்டி, வெள்ளைக் குவியல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு டீ குடிக்க மாட்டார்கள். பாண்டி எங்களுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், ஆதலால் நீள ரொட்டி இன்னும் அங்கே வேகிறது. அதற்கும் இப்பால் ஆரோவில் பக்கம் விறகடுப்புப் பீட்சா. ஆனால் அந்தப் பீட்சா ஒன்றின் விலையைக் கேட்ட பிறகு, எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பசி தானாக அடங்கிவிடும்.

அதனால்தான் உப்பளத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையில் ‘வெஸ்டர்ன் ஃபுட் கிடைக்கும்’ என்று பிளெக்ஸ் ஏறியபோது பேருந்துக்கு நின்றவர்கள்கூட இறங்கி வந்து படித்தார்கள். பர்கர் 60 ரூபாய், பிரெஞ்சு ஃப்ரைஸ் 50, ஒயிட் சாஸ் பாஸ்தா 80, ஃபிஷ் அண்ட் சிப்ஸ் 100. அடியில் சின்ன எழுத்தில்: ‘பஜ்ஜி, போண்டா எப்போதும் போல்.’

இந்தப் புரட்சிக்கு விதை போட்டவன் என் மச்சினன். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவன். “மாமா, அங்க பேட்டைக்குப் பேட்டை காப்பிக் கடை. ஒரு மூலையில சீனாக்காரர் இரும்புத் தட்டுல சிக்கன் சாப் போடுவாரு. கூலிக்காரனும் வாங்கித் தின்னலாம்” என்று டீக்கடை மாஸ்டர் காதில் விழும்படி சொன்னான். அதன் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. ஹைனான் தீவுச் சீனர்கள் சிங்கப்பூருக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவர்கள். நல்ல வியாபாரங்களையெல்லாம் முன்னால் போனவர்கள் பிடித்துவிட்டதால், வெள்ளைக்காரர் வீட்டு அடுப்பங்கரைக்கும் கப்பல் அடுப்பங்கரைக்கும் போனார்கள். துரைகள் மூட்டை கட்டியதும், கற்ற வித்தையைச் சோயா சாஸ் ஊற்றித் தெருவுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

இதை நான் மாஸ்டரிடம் விளக்கினேன். அவர் பரோட்டா மாவைத் தூக்கி அடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “அவன் தொரை வூட்ல கத்துக்கினான், நான் யூட்யூப்ல கத்துக்கினேன். இன்னா சார் பெரிய வித்தியாசம்?” என்றார். நியாயம்தான்.

பர்கரில் தொடங்கினோம். பன் வழக்கமான டீ பன்; உள்ளே அழுத்தி வைத்தது மசால் வடை. இதில் ரகசியம் எதுவும் இல்லை, வடை தட்டிலிருந்து எடுத்து வைப்பதை எல்லாரும் பார்த்தோம். தக்காளி, வெங்காயம் வட்ட வட்டமாக. சிக்கல் மயோனைஸில் வந்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டிருந்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வரும் என்ற அச்சம். மாஸ்டர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, பர்கரில் தேங்காய்ச் சட்னியைக் கெட்டியாகத் தடவினார். முட்டை இல்லை, கிருமி இல்லை, கடுகு மட்டும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. வடையும் சட்னியும் நன்றாக இல்லாமல் எங்கே போகும்?

பாஸ்தாவைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. சேமியா பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் மிளகு விழுந்தால் எப்படியோ அப்படி.

ஃப்ரைஸ்தான் கடையில் பிரளயம் உண்டாக்கியது. முதல் தட்டு வந்ததும் பக்கத்து பெஞ்சிலிருந்த ஆயா ஒன்றை எடுத்துக் கடித்தார். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும்போது கரையேறி டீ குடிக்க வருகிறவர். இத்தனை வருஷம் உப்பு வாரிய கை. மென்றார், நிறுத்தினார், “உப்பு பத்தல” என்றார்.

மாஸ்டர் மேஜை மேல் இரண்டு குட்டிக் காகித உப்புப் பொட்டலங்களை வைத்தார். மொத்தமாக வாங்கியதாம். ஆயா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலுக்கு வெளியே, பார்வை போகிற தூரம்வரை பாத்தி பாத்தியாக உப்பு. தார்பாய் போர்த்திய அம்பாரங்கள் வரிசையாக. கடை மேஜையில் எங்கிருந்தோ லாரி ஏறி வந்த ஒரு கிராம் உப்பு. இந்தியாவின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை அந்த நேரத்தில் ஆயாவிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. “இத எவன்டா காசு குடுத்து வாங்குனது?” என்று அவர் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார்.

1930இல் ராஜாஜி உப்புக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்தார். எங்கள் மாஸ்டர் சாலையைக் கடந்தார். ஆயாவின் கங்காணியிடம் கேட்டு ஒரு படி உப்பு வாங்கி வந்து, அம்மியில் நுணுக்கி, சுடச்சுட ஃப்ரைஸ் மேல் தாராளமாகத் தூவினார். ஐந்து நிமிடத்தில் அத்தனையும் துவண்டு படுத்துவிட்டது. இதற்கு ரசாயனக் காரணம் உண்டு. அளத்திலிருந்து அப்படியே வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் இழுப்பதற்கு ஈரத்துக்கா பஞ்சம்? நான் விளக்கி முடிப்பதற்குள் ஆயா துவண்ட ஃப்ரைஸைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு தட்டைக் காலி செய்திருந்தார். “இப்ப சரி. மொத மொறமொறன்னு இருந்துச்சே, அது வேகாத கெழங்கு.”

ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நிறுவனம் மரக்காணம் ஆயாக்களோடு உட்கார்ந்து பேசியதில்லை.

இனி ஃபிஷ் அண்ட் சிப்ஸ். மச்சினன் படம் காட்டினான், மாஸ்டர் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்: “மீன் பஜ்ஜி.” அன்று காலை வலையில் வந்த கிழங்கானை முள் எடுத்து, மைதாவோடு கொஞ்சம் அரிசி மாவு கலந்து, பஜ்ஜி சட்டியிலேயே பொரித்தார். அதே எண்ணெயில் உருளை. பேப்பரில் சுருட்டிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட பிறகு நான் யாரோடும் வாதம் செய்யவில்லை.

கடற்கரைச் சாலையின் பெரிய விடுதிகளில் இதே பண்டம் வெள்ளைத் துணி விரித்த மேஜைக்கு, எலுமிச்சைத் துண்டுக்கு ஒரு தனிக் கிண்ணத்தோடு வருகிறது. பார்த்தால் ராஜ வம்சத்துச் சாப்பாடு போலத் தோன்றும். பிறப்போ அப்படியல்ல. 1860களில் லண்டனிலும் வடக்கே பஞ்சாலை ஊர்களிலும், ஆலை விட்டு வரும் கூலிக்காரர் கையில் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்த சரக்கு. உப்பும் வினிகரும் கடைக்காரரே தெளிப்பார். இரண்டாம் உலகப் போரில் வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் போட்ட பிரிட்டிஷ் அரசு இதற்குப் போடவில்லை. இதிலும் கை வைத்தால் ஆலைக்காரர்கள் கொதித்துவிடுவார்கள் என்ற கவலை இருந்திருக்கும். ஆக, உப்பளத்தில் இறங்கி ஏறிய கால்களோடு பெஞ்சில் குந்தி இதைத் தின்பதுதான் முறை. விடுதிக்காரர்கள்தான் தவறாகப் பரிமாறுகிறார்கள்.

ஆயா மட்டும் மசியவில்லை. மாவை விரலால் உரித்து ஓரமாக வைத்தார். “மீன ஏன்டா போர்வ போட்டு ஒளிக்கிற? அழுகலா?” என்று மாஸ்டரைக் கேட்டார். “மொளகாத்தூளு, உப்பு, புளி தடவு. சவுக்கு வெறகு நெருப்புல காட்டி எடு. அவ்ளோதான்.”

எனக்குச் சிறுபாணாற்றுப்படை ஞாபகம் வந்தது. அதைப் பாடிய நத்தத்தனார் பக்கத்து இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர், எங்களுக்கு வடக்கே கொஞ்ச தூரம். பரிசு கேட்டுப் போகும் பாணர்களுக்கு வழி சொல்கிறார்: எயிற்பட்டினம் போங்கள், அங்கே பரதவர் வீட்டில் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்று. அடுப்புக்கு விறகு? அலை கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரம். படுத்துத் தூங்கும் ஒட்டகம் மாதிரி கிடந்ததாம். எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். மீனோடு பழைய தேறலும் கொடுத்ததாக வருகிறது. 2023 மே மாதம் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்த பிறகு எங்கள் ஊரில் சாராயத்தை வைத்து யாரும் வேடிக்கை பேசுவதில்லை. ஆகவே மீனோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாஸ்டர் ஆயா சொன்னபடியே செய்தார். சவுக்குக் கட்டை, வெட்டிய டின், மேலே கம்பி வலை. பிளெக்ஸில் ஒரு வரி புதிதாக ஏறியது: ‘வுட் ஃபயர்டு கிரில்டு ஃபிஷ் – 140.’ ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. “இன்னா எழுதியிருக்கான் வாத்தியாரே?” என்றார். படித்துச் சொன்னேன்.

“நூத்தி நாப்பதா! நான் சொன்னதுக்கா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் மாஸ்டரைக் கூப்பிட்டு, இனிமேல் தனக்குத் தினமும் ஒரு டீ சும்மா கொடுத்தாக வேண்டும் என்றார். ராயல்டி என்ற சொல் அவருக்குத் தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது. டீ சரி, பஜ்ஜிக்குக் காசு தனி என்று மாஸ்டர் முரண்டு பிடிக்க, பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது. நத்தத்தனார் வாரிசு என்று யாரும் இதுவரை வரவில்லை.