சந்தைப் பென்சனியர்

யாழ்ப்பாணத்து மருதனார்மடம் என்றதும் படித்தவர்களுக்கு 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி நினைவுக்கு வரும். பாட்டுக்காரருக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு. பக்தர்களுக்கு வீதியிலிருந்தே தெரியும் உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயர். எங்கள் பென்சனியரைக் கேட்டால், "கத்தரிக்காய்க்கு நல்ல இடம்" என்பார்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். காலை ஏழு மணிக்குக் காங்கேசன்துறை வீதியில், மிதிக்கிறாரா நிற்கப்போகிறாரா என்று பின்னால் வரும் ஆட்டோக்காரனுக்கு விளங்காத வேகத்தில் ஒரு பழைய சைக்கிள் போகும். ஹான்டிலில் இரண்டு பைகள், அதில் ஒன்றுக்குள் இன்னும் இரண்டு பைகள். கரியரில் மடித்துக் கட்டிய குடை. ஆஞ்சநேயரைக் கடக்கும்போது ஒரு கை மட்டும் ஹான்டிலை விட்டு நெஞ்சுக்கு வரும். இறங்கிக் கும்பிடுவது திரும்பி வரும்போதுதான். போகிற நேரம் அலுவலக நேரம்.

அறுபது வயதில் அரசாங்கம் அனுப்பிவிட்ட மனிதர். அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒருக்கால் ஓய்வு வயதை அறுபத்தைந்து ஆக்கினார்கள், பிறகு 2023 சனவரியிலிருந்து திரும்பவும் அறுபது என்றார்கள். அந்த ஐந்து வருடம் கைநழுவிப் போனதற்கு உத்தியோகத்தர்களைவிட அவர்களுடைய மனைவிமார்தான் கூடக் கவலைப்பட்டார்கள் என்று கேள்வி. கச்சேரியில் கோவைகளைப் புரட்டிய கை வீட்டில் சும்மா இருக்குமா? குசினிக்குள் வந்து அரிசிப் பேணியைத் திறந்து பார்க்கும், சீனி ஏன் இவ்வளவு கெதியாய் முடிந்தது என்று விளக்கம் கேட்கும். ஆகவே அவரைச் சந்தைக்கு அனுப்பியது அவருடைய வீட்டு அம்மா செய்த தற்காப்பு நடவடிக்கை.

பென்சனியர் சந்தைக்கு இரண்டு தரம் போவார். முதல் சுற்று விலை கேட்க. வாங்குவதற்கு மத்தியானம் கிட்ட, வியாபாரிகள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் விலையை விழுத்தும் நேரம் பார்த்து வருவார். அந்த நேரம் மரக்கறியும் வாடித்தான் இருக்கும். அதைச் சொன்னால், "வாடினால் என்ன, வேகத்தானே போகுது" என்பார்.

ஒருநாள் நான் பக்கத்தில் நின்று கேட்ட உரையாடல் இது.

"பிள்ளை, கத்தரிக்காய் என்ன மாதிரி?"

"கிலோ முந்நூற்றி இருபது, ஐயா."

"முந்நூற்றி இருபதோ! சுன்னாகத்தில முந்நூறு."

"அப்ப அங்கயே வாங்கியிருக்கலாமே ஐயா."

"அங்க புழு."

பிறகு பொறுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு காயையும் காம்போடு பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, காம்பின் ஓரத்தில் ஊசிமுனைத் துவாரம் இருக்கிறதா என்று பார்த்தார். மேலுக்குப் பளபளவென்று இருந்ததை நம்பாமல் அடியிலிருந்து எடுத்தார். அப்படியே பக்கத்து வெண்டிக்காய்க் குவியலுக்கு மாறி, ஒன்றின் நுனியை டக்கென்று முறித்தார். முறிந்தது. பிஞ்சு என்று திருப்திப்பட்டு, வாங்காமல் வைத்தார். அந்தப் பெண் முறிந்த வெண்டிக்காயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அனுமார் சஞ்சீவி மலைக்குப் போய் மூலிகை எதுவென்று தெரியாமல் மலையையே தூக்கி வந்தார். எங்கள் பென்சனியரை அனுப்பியிருந்தால் மலை முழுக்கப் புரட்டி, பூச்சி குத்தாத இலையாய் மூன்றைத் தெரிந்து எடுத்து, சாம்பவானிடம் விலையும் பேசி முடித்திருப்பார். இலக்குவனுடைய அந்தியேட்டியும் அதற்குள் முடிந்திருக்கும்.

கடைசியில் கத்தரிக்காய் முந்நூறுக்கு முடிந்தது. அவர் வெற்றி வீரராகப் போன பிறகு நான் அதே குவியலைக் காட்டி விலை கேட்டேன். "முந்நூறு" என்றாள் அந்தப் பெண். "ஐயாவுக்கு முந்நூற்றி இருபது சொன்னீங்களே?" என்றேன். "ஐயாவுக்குக் குறைக்க இடம் விட்டுத்தானே சொல்லவேணும்" என்றாள்.

வீட்டில் நடப்பது வேறு கதை. அம்மா சொல்லிவிட்டது முருங்கைக்காய். பையிலிருந்து இறங்குவது மூன்று கிலோ பூசணி.

"இஞ்சாருங்கோ, பூசணி வாங்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"விலை சொன்னது."

அந்தக் கிழமை முழுக்கப் பூசணிக் கறி, சாம்பாரில் பூசணி, அயலுக்குப் பூசணிக் கீறு. கிழமை முடிவில் கணக்குப் பார்த்தால் மிச்சம் பிடித்த காசு தேங்காய்க்குப் போயிருக்கும். ஆனால் அவருடைய சீ.ஆர். கொப்பியில் தேங்காய் வேறு பக்கம்.

அந்தக் கொப்பியைச் சும்மா நினைக்கக்கூடாது. திகதி, பொருள், கேட்ட விலை, கொடுத்த விலை, வித்தியாசம் என்று சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பார். 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் 94.9 வீதம் என்று கொழும்பில் அறிவித்தபோது, நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். அவர் கொப்பியைத் திறந்து, "மருதனார்மடத்தில கூட" என்றார்.

பேரம் பேசுவதில் இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு. சிறிமாவோ அம்மையாரின் 1970 – 77 ஆட்சியில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் காசு விளைந்தது. கோழி மேய்த்தாலும் கோர்ண்மேந்தில் மேய்க்கவேண்டும் என்று தகப்பன் சொன்னதைக் கேட்டுக் கொழும்பில் கிளாக்கராக இருந்தவர், யாழ்தேவியில் லீவுக்கு வந்து இறங்கினால் தோட்டக்காரப் பள்ளித் தோழன் மாடி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தக் கணக்கைத்தான் மூத்த பென்சனியர்மார் இன்றைக்கும் கிலோவுக்கு இருபது ரூபாவாகக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகன் கனடாவில். "அப்பா, இருபது ரூபாவுக்கு ஏன் வெயிலில நிக்கிறியள்? இஞ்ச அது பத்துச் சதம்" என்று போனில் சத்தம் போடுவான். "பத்துச் சதத்தை நீ றோட்டில எறிவியோ?" என்று இவர் கேட்பார். அங்கே சத்தம் நின்றுவிடும். எறியமாட்டான். ஸ்காபரோவில் எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு என்று வியாழக்கிழமையே துண்டுப்பிரசுரம் பார்த்து வைக்கிற பிள்ளை அவன்.

இவரைக் கஞ்சன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோயில் அன்னதானத்துக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்களிடம் ஒருநாளும் பேரம் பேசியதில்லை. செத்தவீட்டுக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தலுக்குக் காசு கொடுப்பார். பேரம் கத்தரிக்காயோடு சரி.

2020 டிசம்பரில் சந்தைக்குள் கொரோனா புகுந்து, வியாபாரிகளுக்கெல்லாம் பி.சி.ஆர். எடுத்து, சந்தையைப் பூட்டினார்கள். நோய்க்கு நாங்கள் பயந்தோம், அவர் படலையடியில் நின்று நெடுமூச்சு விட்டார். மரக்கறி வாகனம் வீட்டு வாசலுக்கே வந்தது. கட்டின பை, எழுதின விலை. பொறுக்க இடமில்லை, முறிக்க வெண்டிக்காய் இல்லை. மூன்றாம் நாள் பேப்பர் கொண்டுவந்த பெடியனிடம், "தம்பி, நேற்றையான் பேப்பரெண்டால் என்ன விலைக்குத் தருவாய்?" என்று கேட்டதை நானே மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

இப்போது சந்தை பழையபடி நடக்கிறது, அவரும் போய்வருகிறார். மருதனார்மடப் பக்கம் நீங்கள் மரக்கறிப் பையோடு வரும்போது, சைக்கிளைக் காலால் ஊன்றி நிறுத்தி, "தம்பி, கத்தரிக்காய் என்ன விலைக்கு எடுத்தனீர்?" என்று ஒருவர் கேட்டால், கொடுத்த விலையோடு இருபது ரூபாவைக் கூட்டிச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் பூசணியாக இருந்தாலும் சண்டை வராது.