ஊரான் பிள்ளையும் என் பிள்ளையும்

மல்லிகை மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நிலக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த கணக்கு. இருட்டோடு இருட்டாகத் தாய்மார்கள் பூக்காட்டுக்குள் இறங்கி, மடி நிறையப் பறித்து, கூடையை ஏற்றி அனுப்பிவிட்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக எங்கள் பால்வாடிக்கு வருவார்கள். அதனால் 1986-இல் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அந்த வேலைக்கு ஒரு மணம் இருந்தது; பூவும், வியர்வையும், பிள்ளைகளின் உச்சியில் வைத்த விளக்கெண்ணெயும் கலந்த மணம். இன்று கோயம்புத்தூரில் பேத்தியை விடப் போகிற பள்ளியின் வாசலில் நிற்கும்போது, தரை துடைக்கிற எலுமிச்சைத் திரவத்தின் நெடி வருகிறது. சுத்தமான இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் மூக்கு அந்தப் பழைய மணத்தைத் தேடிவிட்டுத்தான் திரும்புகிறது.

அரசுக் கடிதங்களில் அந்தப் பால்வாடிக்குப் பெயர் குழந்தைகள் மையம். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்த சத்துணவுத் திட்டமும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நாலு கோரைப்பாய், ஒரு மரப்பெட்டி, ஒரு விறகடுப்பு, ஒரு தராசு என்று உருவெடுத்திருந்தன. ஊருக்கு அது பால்வாடி. எனக்கு இருபத்து நாலு வயது, நான் பால்வாடி டீச்சர். மாதம் கையில் வாங்குவதைச் சம்பளம் என்று எழுதக்கூடாது, மதிப்பூதியம் என்றுதான் எழுத வேண்டும் என்று பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள்.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. வீட்டுக்காரர் மதுரையில் மில் வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். மாமியாரும் பூப்பறிக்கப் போகிறவர். அதனால் மகளும் என்னோடு மண்டபத்துக்கு வந்தாள். முதல் வாரம் முழுக்க என் முந்தானையை விடவில்லை. வேறொரு பிள்ளையை மடியில் வைத்தால் வந்து இடித்துத் தள்ளினாள். சோதனைக்கு வந்த ஒரு மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, சொந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவா வேலைக்கு வந்தாய் என்று எல்லாரும் கேட்கும்படி கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு அவளை உட்காரவைத்து, நாளையிலிருந்து அங்கே நான் டீச்சர், இங்கேதான் அம்மா என்று சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது, மறுநாள் காலை மண்டபத்துப் படி ஏறும்போதே கையை விட்டுவிட்டு, மற்ற நாற்பது பிள்ளைகளோடு போய் வரிசையில் உட்கார்ந்து, "டீச்சர், தண்ணி" என்றாள். தண்ணீரை மொண்டு கொடுத்த அந்தத் தம்ளரின் நெளிவுகூட எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

மாமியாரிடம் சொல்லி அழுதபோது அவர் பூக்கூடையைத் தட்டிக் கவிழ்த்தபடி, "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும் தாயி, போ" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் உள்ள அந்தத் 'தானா'வை நின்று யோசிக்க நேரமில்லாமலே பார்த்திருக்கிறேன்.

அந்த மண்டபத்தில் எங்களிடம் இருந்தவை புளியங்கொட்டை, தீப்பெட்டி, பூவரச இலை, ஆற்று மணல், அவ்வளவுதான். தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விட்டோம். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோம். புளியங்கொட்டையில் எண்ணக் கற்றோம். மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' போட்டோம், தப்பாய்ப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவல், மணல் மறுபடி வெறும் மணலாகிவிடும். பதினோரு மணிக்கு ஆயம்மா சத்துமாவைக் கிண்டி உருண்டை பிடிக்கத் தொடங்கினால், அந்த வெல்ல வாசனைக்குப் பாட்டெல்லாம் பாதியில் நின்றுபோகும். 1989-இல் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை என்று வந்தபோது, எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அதைத் தின்னவில்லை. கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் இருக்கிற கைக்குழந்தைக்கு என்று கொண்டுபோனார்கள். இங்கேயே சாப்பிட வேண்டும் என்பது விதி. சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்குகிற அந்த ஒரு மணி நேரத்தை நான் என்ன விலை கொடுத்தும் திரும்ப வாங்கிக்கொள்வேன். நாற்பது வயிறுகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்க, மண்டபத்துத் தூணில் சாய்ந்து ஆயம்மா வெற்றிலை மடிக்க, நான் பதிவேடு எழுதுவேன். மகள் எங்கோ ஓர் ஓரத்தில் யாரோ ஒரு பையனின் மேல் காலைப் போட்டுக்கொண்டு கிடப்பாள். அவளை எடுத்து என் பக்கத்தில் கிடத்திக்கொள்ளக் கை பரபரக்கும். செய்ததில்லை.

தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். சால்டர் தராசு என்று பெயர். வட்ட முகம், ஒரு முள், கீழே கொக்கி, கொக்கியில் கால்சட்டை மாதிரி தைத்த பை. அதை மண்டபத்து உத்தரத்தில் மாட்டி, மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் அந்தப் பைக்குள் இறக்கித் தொங்கவிட்டு, முள் ஆடி அடங்கும் வரை காத்திருந்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். ஊர் அதற்கு ஒப்பவில்லை. எடை போட்டால் கண்பட்டு பிள்ளை இளைத்துப்போகும் என்று பாட்டிமார்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் காட்டி, கோடு மேலே போனால் சந்தோஷம், படுத்தால் யோசனை, இறங்கினால் உடனே ஆஸ்பத்திரி என்று நூறு முறை சொன்னேன். ஒரு பையன் சேர்ந்தபோது மூன்று வயது, 9 கிலோ 200. அந்த வயதுக்குப் பதினாலு கிலோ பக்கம் இருக்க வேண்டும். தலைமுடி செம்பட்டை, கால் வீக்கம், அழக்கூடத் தெம்பில்லை. அவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, என் கையாலேயே ஊட்டினேன். அவன் 10 கிலோவைத் தொட்ட மாதம் நானும் ஆயம்மாவும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் மகனும் பிறந்து அதே மண்டபத்தில் வளர்ந்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு சிம்னி விளக்கில் படித்துத் தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வு எழுதினேன். 1995 டிசம்பர் 9, முதல் போலியோ சொட்டு மருந்து நாள். இரண்டு பிள்ளைகளும் எனக்கு ஐஸ் பெட்டி தூக்கி வந்தார்கள். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்த செய்தியைக் கேட்டபோது, தோளில் அந்தப் பெட்டியின் வார் அழுந்திய தடத்தோடு வந்து நின்ற என் மகள்தான் நினைவுக்கு வந்தாள்.

அப்போது நான் மேற்பார்வையாளராகியிருந்தேன். இருபத்தைந்து மையங்கள், கையில் கோப்பு, மடியில் பிள்ளை இல்லை. நல்லவை எத்தனையோ வந்துவிட்டன: கட்டிடம், எரிவாயு அடுப்பு, கலவை சாதம், வாரத்துக்கு மூன்று முட்டை, 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று மாதாமாதம் என்ன செய்யலாம் என்று சொல்லும் அழகான புத்தகம். 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பும் வந்தது. அதையெல்லாம் பார்த்து மனம் நிறைந்திருக்கிறேன். 2021-இல் போஷன் டிராக்கர் செயலி வந்தது. எடை, உயரம், வருகை, சாப்பிட்டவர் எண்ணிக்கை எல்லாம் கைபேசியில். எந்த மூலையில் எந்தப் பிள்ளை மெலிகிறது என்பது டெல்லிக்கே தெரியும். அது பெரிய காரியம். ஆனால் மையத்துக்குள் நான் நுழையும்போதெல்லாம் பணியாளர் சிக்னல் தேடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஒரு பிள்ளை அவர் முந்தானை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணை நான் எப்படிக் கடிந்துகொள்வேன்? கைபேசியை வாங்கிக்கொண்டு, "நீ உள்ளே போம்மா, நான் ஏத்தித் தர்றேன்" என்பேன்.

நான் ஓய்வு பெற்ற 2022-இல், ஏப்ரல் 25 அன்று, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஆயம்மா அதற்கு ஆறு வருடம் முன்பே போய்விட்டார்.

இப்போது மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். பேத்தியின் பள்ளி மாண்டிசோரி முறையில் நடக்கிறது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை அவள் விரலால் தடவித் தடவிப் படிக்கிறாள். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து பாடம் சொன்னவர் என்பதைப் பயிற்சியில் எழுதிப் படித்திருக்கிறேன். அந்தச் சொரசொரப்பை அன்றைக்கு நாங்கள் ஆற்று மணலில் கண்டுகொண்டோம். பள்ளியிலிருந்து மகளின் கைபேசிக்கு நாளுக்கு ஆறு படம் வருகிறது. பிள்ளை சாப்பிட்ட படம், தூங்கிய படம். மகள் வங்கியில் இருந்தபடி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்கிறாளாம்.

போன மாதம் ஒரு ராத்திரி, பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்தவள், "அம்மா, பால்வாடியில என் பக்கத்துல படுப்பானே ஒரு பையன், ரொம்ப ஒல்லியா. அவன் சேரும்போது எத்தனை கிலோம்மா?" என்றாள்.

"9 கிலோ 200" என்றேன், யோசிக்காமல்.

"நான் எத்தனை இருந்தேன்?"

எனக்கு வரவில்லை. எழுந்து போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அவளுடைய வளர்ச்சி அட்டையை எடுத்து வந்தேன். என் கையெழுத்தில் அவள் பெயர், பிறந்த தேதி. முதல் இரண்டு மாதம் புள்ளி இருந்தது. பிறகு ஒன்பது மாதம் கட்டம் வெறுமையாக இருந்தது. கடைசியாகத்தான் அவளை ஏற்ற வேண்டும் என்று வைத்திருப்பேன். அதற்குள் வேலை முடிந்து தாய்மார்கள் வந்து நின்றிருப்பார்கள், நான் தராசைக் கழற்றியிருப்பேன்.

அவள் அட்டையை விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த வெற்றுக் கட்டங்களின் மேல் விரலை வைத்து, பேத்தி உப்புத்தாள் எழுத்தைத் தடவுவதுபோல், மெல்ல ஒரு கோடு இழுத்தாள். மேல்நோக்கித்தான் இழுத்தாள்.