ஃபிங்கர் சிப்ஸ் தத்துவ விசாரம்

ஆங்கில தேசத்து நாட்டுப்புற மதுச்சாலையானது, குழந்தைகுட்டிகளோடு சென்று மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் உண்ணத்தக்க போஜனசாலையாகப் பரிணமித்த விருத்தாந்தத்தை ஆராயப் புகுந்த வித்வான்கள், அதன் பூரண வடிவம் அவிநாசிக்கும் பெருந்துறைக்கும் இடையே நெடுஞ்சாலையோரத்து ஃபேமிலி ரெஸ்டாரண்டுகளில் விளங்குவதைக் காணாதொழிந்தமைக்கு, அவர்கள் ஒருவர் நூலை மற்றவர் மேற்கோள் காட்டியே பசியாறிவிடுவதுதான் காரணமென்று துணிகிறோம்.

கிழங்கின் பூர்வோத்தரம் தெளிவானது. 1819இல் நீலகிரி ஏறிய கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே சீமைக் காய்கறிகளைப் பயிரிடுவித்தார். 1868இல்தான் அம்மலை கோயமுத்தூர் ஜில்லாவினின்றும் பிரிந்தது. மலைக்கிழங்கு இன்றும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவந்தே ஏலம் போகிறது. 1841இல் தோன்றிய உதகை கிளப்பை ஆதாரமாக எடுத்துக்காட்டுவோர் உளர். அங்கே சாமானியர் நுழைய இயலாதாகையால் அது ஆய்வுக்குப் புறம்பு.

குடும்ப லக்ஷணம்: இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மதுச்சாலையின் பாரிலிருந்து விலக்கியது. 1937இல் ராஜாஜி, கொங்கின் கிழக்கெல்லையான சேலம் ஜில்லாவில், மதுவையே விலக்கினார். அவர்கள் பிள்ளையை வெளியே நிறுத்தினார்கள். நாம் புட்டியை வெளியே நிறுத்தினோம். எம்முறை சாஸ்திரீயமானதென்பது வெள்ளிடைமலை. (புட்டி பிற்பாடு வேறு வாசல் வழியே திரும்பி வந்தது தனி நூலுக்குரிய விஷயம்.)

பட்டாணி: உண்டு.

இனி, தக்காளி சாஸ். தட்டின் ஓரத்தில் சிறு குளமாகத் தேக்கித் தொட்டுண்போர் துவைதிகள். சிப்ஸின் தலைமீதே ஊற்றி இரண்டறக் கலப்போர் அத்வைதிகள். புட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டும்போது முதல் மூன்று அடிக்கு ஒன்றும் வாராமையும், நான்காம் அடிக்கு முழுதும் மாமனார் சட்டையில் வீழ்தலும் இரு சாராருக்கும் பொது. “கெழங்க நீட்டமா அரிஞ்சதுக்கா கண்ணு இந்த வெலை?” என்று அப்பிச்சி பேத்தியிடம் வினவியது வாய்மொழி மரபு, அதை உறுதிசெய்யும் ஏட்டுச் சான்றோ, மெனு அட்டையில், ஐஸ்கிரீம் படத்துக்கு நேர்ப்பின்புறம், லேமினேஷன் உரிந்த வலது மூலையில், சால்னாக் கறைக்கு இருவிரற்கடை மேலே, பழைய விலையை அடித்து நீலப் பேனாவால் புதியதெழுதிய இடத்தில், அடித்தல் எத்தனை கையால் நிகழ்ந்ததென்று பூதக்கண்ணாடி கொண்டு பார்ப்பார்க்கு மட்டுமே புலப்படும். இத்தகைய அடித்தல் ஒன்று ஓலைச்சுவடியில் அகப்பட்டிருப்பின், இரு பேராசிரியர்கள் அதன்பொருட்டு ஆயுள் முழுதும் பேசாதிருந்திருப்பார்கள்.

“சாஸ் ரெண்டாவது கிண்ணத்துக்குத் தனிக் காசுங்க” என்று பரிசாரகர் மொழிந்த வாக்கியம் மெனு அட்டையில் யாண்டும் காணப்படாமையின், அதனை இடைச்செருகலெனத் தள்ளினோம். பில் வந்தபின் மூலபாடமென ஏற்றுக்கொண்டோம்.